பெரிய பிடிலுக்குள் இருந்த சோறு

"மூலையில நின்னு சும்மா டொம் டொம்னு தட்டிக்கிட்டு இருப்பாரே, அவரா?"

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். ஒரு காலத்தில் எங்கள் எஸ்டேட்டிலேயே குடியிருந்தவர். பேச்சு பழைய பாட்டுக் கச்சேரிகளைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் குழுவில் பெரிய பிடில் வாசித்தவரைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் அவர் உதிர்த்த முத்து இது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. பாயசம் இன்னும் வரவில்லை என்பதால் உட்கார்ந்தபடியே சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த வருஷங்கள் அவை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் கையால் சோறு போகிறது என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். கோலா சிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் சாலையில் இருந்த எங்கள் எஸ்டேட்டிலும் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். அரிசிக்கு ரேஷன். கேட்டைத் தாண்டி ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய், வேலை முடித்து வந்துதான் சாப்பிட வேண்டும். விடியற்காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். கொண்டையைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். யாரோ எங்கேயோ கொடுத்த சோற்றுக்கு நாங்கள் அத்தனை பேரும் திருடர்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ஆகவே எங்கள் கச்சேரிகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், கோயில் பக்கத்துக் கொட்டகையில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது நடக்கும். ஒரு ஹார்மோனியம், தபேலா, மாண்டலின், ஒரு பாட்டுக்காரர். பாட்டுக்காரர் எங்கள் கிராணியின் மச்சினர். ஆபீஸில் எங்கள் பேரைப் பதிகிற கிராணிக்கு மச்சினர் என்றால் எஸ்டேட்டில் அது தனிப் பதவி. நல்ல குரல்தான், நான் மறுக்கவில்லை. தலைமுடி குரலைவிட நன்றாக இருக்கும்.

இவர்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பிடில் நிற்கும். டவுனுக்கு நாடகம் போட வந்த ஒரு மலாய் பங்சவான் கூட்டம் கலைந்துபோனபோது விட்டுப்போனது. எங்களோடு மரம் வெட்டிய ஒருவர் அதைக் கேட்டு வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பிடிலோடு வில் வரவில்லை. அண்ணன் தந்திகளை விரலால் இழுத்து இழுத்தே வாசிக்கப் பழகினார். அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் காதால் கேட்கிறோமா, உட்கார்ந்திருக்கிற பலகை வழியாகக் கேட்கிறோமா என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

எனக்கு அப்போது கல்யாணமான புதிது. என் வயதுப் பெண்கள் ஒரு கூட்டம் இருந்தோம். மற்றவர்கள் பாட்டுக்காரரைப் பார்க்கப் போவார்கள், நாங்கள் பிடில் அண்ணனைக் கேட்கப் போவோம். மறுநாள் முழுக்க அதே பேச்சு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிக்கொண்டு போகுமே, அதுதான் உசத்தி என்பாள் ஒருத்தி. அவர் வாசிக்காமல் விடுகிற இடம்தான் உசத்தி என்பேன் நான். தபேலாக்காரர் உற்சாகத்தில் தலைதெறிக்க ஓடும்போது அண்ணன் ஒரே ஒரு தந்தியை இழுத்து அவரைப் பிடித்து நிறுத்துவார். பாட்டுக்காரர் சுருதியை விட்டு நழுவினால் அடியில் போய்த் தாங்கிக்கொள்வார். கைதட்டல் என்னவோ பாட்டுக்காரருக்குத்தான் போகும். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அண்ணன் ஒன்றும் அடக்கமான ஆளில்லை. பாராட்டு அவருக்கு நிறையப் பிடிக்கும். ஆனால் லேசில் ஏற்றுக்கொள்ளமாட்டார். "அண்ணே, நேத்து ரொம்ப நல்லாருந்துச்சு" என்றால் "எந்த எடம்?" என்பார். "எல்லாமேதாண்ணே" என்றால் முகம் தொங்கிவிடும். "அப்ப நீ கேக்கவே இல்ல, புள்ள" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

குழுவின் சொந்தப் பாட்டுகள் அத்தனையும் அவர் கட்டியவை. அவர் பாட்டுக் கட்டும் விதமே தலைகீழ். மற்றவர்கள் வார்த்தையிலிருந்து தொடங்குவார்கள். இவர் அடியிலிருந்து தொடங்குவார். மரத்துக்கு மரம் நடக்கிற நடையிலேயே ஒரு தாளம் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்குள் உட்கார்ந்து அதைப் பிடிலில் வாசித்துப் பார்ப்பார். அந்த நேரம் நாங்கள் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்போம். அடிச்சத்தம் அங்கே வரைக்கும் வரும். மறுநாள் எங்களை மடக்கி, "நேத்து உங்க காலு என்ன பண்ணுச்சு?" என்று கேட்பார். ஆடியது என்றால் அந்த இடம் பாட்டில் இருக்கும். கவனிக்கவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால், போயிற்று, தூக்கி எறிந்துவிடுவார். இப்படிப் பாட்டு மேடைக்கு வருவதற்கு முன்பே அதன் அடிச்சத்தம் எங்களுக்கு மனப்பாடமாகிவிடும். காலி வாளியில் அதைத் தட்டிக்கொண்டேதான் மரம் வெட்ட மலைக்குப் போவோம்.

கேட்டுப் பாட்டும் அப்படிப் பிறந்ததுதான். ஒருநாள் காலை வரிசையில் என் சிநேகிதி எரிச்சலில், "பொழுது விடிஞ்சும் பொட்டு வைக்கல, கேட்டத் தெறக்க ஆளு வரல" என்றாள். ஆண்கள் வரிசையில் நின்ற அண்ணன் திரும்பிப் பார்த்தார். சில வாரங்களில் அது பாட்டாகிவிட்டது. அதில் குரல் வருவதற்கு முன்னால் பிடில் மட்டும் நெடுநேரம் தனியாக நடக்கும். ரெண்டு எட்டு வைக்கும், நிற்கும். மறுபடி ரெண்டு எட்டு, மறுபடி நிற்கும். எங்கள் வரிசை நகர்கிற அதே நகர்வு. முதல் தடவை கேட்டபோது என் சிநேகிதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாட்டுக்காரருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "எவ்வளவு நேரம்ணே நான் வாய மூடிக்கிட்டு நிக்கிறது?" என்று கேட்டார். கிராணி வீடு கம்பிக்கு வெளியே இருந்தது. அங்கே குடியிருந்த பாட்டுக்காரர் ஒருநாளும் வரிசையில் நின்றதில்லை.

"நாங்க தெனமும் நிக்கிறோம்ல. நீயும் நில்லு, தம்பி" என்றார் அண்ணன்.

பிறகு கோலா சிலாங்கூர் டவுனில் எஸ்டேட் குழுக்களுக்கு ஒரு பாட்டுப் போட்டி வந்தது. கேட்டுப் பாட்டைத்தான் பாடுவது என்று முடிவாயிற்று. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையாக வெளியூர்க்காரர்கள் அண்ணனைக் கேட்கப் போகிறார்கள். ஆனால் அந்த வாரம் மழையும் வெக்கையும் மாறி மாறி அடித்ததில் பிடிலின் விளிம்பு ஒட்டுவிட்டுப் பிளந்துகொண்டது. தந்தியை இழுத்தால் ஓட்டைத் தகரம் மாதிரி அதிர்ந்தது. மரத்துக்குப் பூசும் பசை எஸ்டேட்டுக் கடையில் இல்லை. பஸ் ஏறிப் போய் வாங்கி வர நேரமும் இல்லை.

காற்றாடி ஒட்டவும் சாமி படம் ஒட்டவும் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த பசை ஒன்றுதான். சோற்றுப் பசை. அண்ணன் வீட்டு ரேஷன் அவர் பிள்ளைகளுக்கே போதாது. அதனால் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் எங்கள் பானையிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். "பிடிலுக்குப் படையலா போடுற? இங்க மனுசனுக்கே காணல" என்று என் மாமியார் கத்தியது குழாயடி வரை கேட்டது. அண்ணன் சோற்றைக் குழைத்து, முகப்பில் சத்தம் வருவதற்காக இருக்கும் துளை வழியாக விரலை விட்டு உள்பக்கமும் பூசி, துணியால் சுற்றிக் கட்டிக் காயவைத்தார். மறுநாள் சத்தம் பழையபடி கனமாக வந்தது. "நம்ம சோறு பாடுது, கேளு" என்றாள் சிநேகிதி. பூசிக் காய்ந்த பிறகு எங்களுக்கு அது பசை. அதைச் சோறு என்று பார்க்க ஒருவருக்குமே தோன்றவில்லை.

போட்டியன்று குழு லோரியில் ஏறியது. இடமில்லாததால் நாங்கள் கம்பிக்கு உள்ளே நின்று வழியனுப்பினோம். கேட்டில் ஒரு மலாய் சார்ஜனும் வேறு எஸ்டேட்டிலிருந்து வந்த தமிழ் கான்ஸ்டபிள் ஒருவரும் இருந்தார்கள். பிடிலை இறக்கச் சொன்னார்கள். சார்ஜன் முகப்புத் துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறினார். கம்பியின் நுனியில் காய்ந்த பருக்கைகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

"நாசி" என்றார். சோறு என்று எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

துப்பாக்கிக் கத்தியை விளிம்பில் விட்டு நெம்பினார்கள். எங்கள் சோறு பிடித்துவைத்திருந்த மரம் படக்கென்று திறந்துகொண்டது. உள்ளே பசையும் தூசியும் தவிர ஒன்றும் இல்லை. அப்படியும் அண்ணனின் கையைப் பிடித்தார்கள். நாங்கள் கம்பியை உலுக்கினோம். "ஐயா, அது பசை! நாங்க குடுத்தது! புடிக்கிறதுன்னா எங்களயும் புடிங்க!"

"சும்மா இருங்கம்மா. சோத்த ஒளிக்க நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கீங்க" என்றார் கான்ஸ்டபிள். தமிழனுக்குத் தெரியாதா சோற்றுப் பசை? அவர் சின்ன வயதில் காற்றாடி விட்டதே இல்லையா? பலகையில் ஒட்டிக் காய்ந்த பருக்கையைச் சுரண்டித் தின்று எந்தக் கம்யூனிஸ்டு உயிர் பிழைப்பான்? இதையெல்லாம் நான் கத்தித்தான் கேட்டேன்.

லோரிக்குள்ளிருந்து பாட்டுக்காரர் தலையை நீட்டினார். காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்வார், கிராணியைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். "நேரமாச்சு. பிடில் இல்லாட்டி யாருக்குத் தெரியப்போவுது? லோரிய எடுங்க லா" என்றார்.

லோரி நகர்ந்தது. இரண்டு பேர் பிடித்திருக்க, அண்ணன் அதைப் பார்த்து, "தம்பி, எடுத்தவொடன பாடிராத! கொஞ்சம் நின்னு பாடு!" என்று கத்தினார். பாட்டுக்காரர் கையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

சாயங்காலம் வரை அவரைக் காவல் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். நாங்களும் கம்பியோரம் உட்கார்ந்துவிட்டோம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து விரட்டினார், எழுந்திருக்கவில்லை. கடைசியில் துரையே சொல்லி விடுவித்தார்கள். மறுநாள் மரம் வெட்ட ஆள் வேண்டுமே, அதற்காக. பிடிலைத் தரவில்லை. சாட்சிப் பொருளாம். கேஸ் முடியட்டும் என்றார்கள். கேஸே போடவில்லை, எது முடிவது? அது கொட்டகைக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு மழையில் கிடந்தது. ஒருநாள் அந்த இடம் காலியாக இருந்தது.

அன்று அவரை விட்ட கொஞ்ச நேரத்தில் லோரி வெள்ளிக் கோப்பையோடு திரும்பி வந்தது. "நேரா பாட்டுலயே தொடங்கிட்டேன். பிடிலு எங்கன்னு ஒரு பய கேக்கல" என்றார் பாட்டுக்காரர்.

"நிக்கவே இல்லயா?" என்று கேட்டார் அண்ணன்.

"எதுக்கு நிக்கணும்?"

அண்ணன் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட வேண்டும்போல இருந்தது.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் பாராட்டுக் கச்சேரி. கிராணி எழுந்து, கேட்டுப் பாட்டு தன் மச்சினர் எஸ்டேட்டுக்குத் தேடித்தந்த பெருமை என்று பேசி மாலை போட்டார். கட்டியவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அண்ணன் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் குழாயடியில் பேசி வைத்தபடி ஆளுக்கொரு பால் வாளியோடு வந்திருந்தோம்.

பாட்டுக்காரர் மாலையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தார். நாங்கள் வாளியை மடியில் கவிழ்த்துத் தட்டினோம். ரெண்டு எட்டு, நிறுத்தம். ரெண்டு எட்டு, நிறுத்தம். அவர் நின்று, மறுபடி வாயைத் திறந்தார். நாங்கள் விடவில்லை. தபேலாக்காரர் கையை எடுத்துவிட்டுக் குனிந்துகொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. "என்ன கூத்து இது? நிறுத்துங்க!" என்று கிராணி கத்தினார்.

பின்னால் அண்ணன் எழுந்து நின்றார். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. எங்களை அடக்கப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"மூணாவது தடவ அவசரப்படுறீங்க" என்றார். "நிக்கிற எடத்துல நல்லா நில்லுங்க. எங்க, மொதல்லேருந்து."

எனக்குக் கண் மறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன், எல்லாரும் தொடங்கினோம், இந்தத் தடவை அவசரப்படாமல். மேடையில் பாட்டுக்காரர் மாலையும் கழுத்துமாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். காத்திருக்கட்டும்.