ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பவர்

எங்கள் இன்ஜினியர் சார் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிய காலை நினைவிருக்கிறது. நிக்கோபார்த் தீவின் கேம்பல் பேயில், சுனாமி அலைக்குப் பின் கட்டிய வீடுகளை ஒப்படைத்து முடித்திருந்த நேரம். அதுவரை எங்களுக்குக் கிழமையே கிடையாது. சிமெண்ட் கப்பல் எப்போது வருகிறதோ அப்போதெல்லாம் வேலை. இனி மனிதர்களைப் போல வேலை பார்ப்போம் என்று, யார் எப்போது வருவது, எப்போது கிளம்புவது என்பதைச் சார் தன் கையால் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையில், அவர் பெயருக்கு நேரே, ‘வீட்டில்’ என்று இருந்தது.

“சண்டே லீவா சார்? ஆபீஸே முழுகிடுமே!” என்று சிரித்தார் ஸ்டோர்கீப்பர் அண்ணன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அலை வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான். சார் விடியும் முன்பே மேட்டுச் சைட்டுக்குப் போயிருந்தார். விடுமுறை என்பதால் அவர் மனைவியும் சிறு மகளும் கடலோரக் குவார்ட்டர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கூலிக் கணக்கு எழுத நானும் அன்று மேட்டில் இருந்தேன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அதனால் என் மகள் பிழைத்தாள். அதன் பிறகு ஓய்வு என்றாலே எனக்குப் பயம். ஞாயிறுகளில் அவளை மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவேன். ஒரே ஒரு நாள் என்னோடு இரு என்று கேட்டுக் கேட்டே அவள் வளர்ந்தாள்.

ஒரு ஞாயிறு, அவசரக் கையெழுத்துக்காகச் சாரைத் தேடிப் போனேன். புது வீடு பூட்டியிருந்தது. பழைய குவார்ட்டர்ஸ் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அங்கே அன்றைய நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்துவிட்டது. பட்டுப்போன தென்னைகளுக்கு நடுவே, தண்ணீர் வடியும் நேரத்தில் மட்டும் சிமெண்ட் தளங்கள் வெளியே தெரியும். அதில் ஒன்றின் மேல் துண்டு விரித்து சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர் திறந்திருந்தது.

“சார்...” என்றேன்.

விரலை உதட்டில் வைத்தார். “மெதுவாம்மா. பாப்பா இப்பத்தான் தூங்குனா.”

காற்றே இல்லை. தளத்தைச் சுற்றித் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஃபைலை நீட்டினேன்.

“இன்னைக்குக் கையெழுத்து கிடையாதும்மா. வீட்ல இருக்கேன்ல.” ஆபீசில் பேசும் அதே குரல். “உங்க புள்ள எங்க?”

“மேட்டுத் தெருவுல ஒரு வீட்ல, சார்.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “உயிரோட இருக்கற புள்ளயவா அடுத்தவங்க வீட்ல விட்டீங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. போர்ட் பிளேயருக்கு மாற்றலாகி, இந்த மார்ச் கணக்கு முடிப்பு ஓய்ந்ததும், எனக்கென்று ஒரு வேலைத் திட்டம் போட்டேன். ஞாயிற்றில் ஒன்றும் எழுதவில்லை.

மகள் நம்பவில்லை. “ஃபைலெல்லாம் அழுமேம்மா, பரவால்லயா? அப்ப பீச்சுக்குப் போலாம்.”

போனோம். விளையாடிக் களைத்து, என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பி, இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிடக் கால்கள் பரபரத்தன. எழுப்பவில்லை. கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் மூச்சைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தேன்.