மாமாவின் இருபத்திரண்டாவது கெசட்

கலியாணம் கட்டுவதற்கு முன் முடிக்கவேண்டிய வேலைகள் என்று என் மாமா ஒரு பட்டியல் வைத்திருந்தார். வழக்கமாக அப்படியான பட்டியலில் கோட்டுத் தைப்பது, மண்டபம் பேசுவது, கேக்குக்குச் சொல்வது என்றுதான் இருக்கும். மாமாவின் பட்டியலில் இருந்தவை இருபத்திரண்டு பழைய வீடியோ கேம்கள். கோட்டு விஷயத்தை அம்மாதான் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிவீட்டின் முன்னறை அவருடையது. அந்தக் கேம்களெல்லாம் அவர் பள்ளிக்கூடம் போன காலத்துச் சாமான்கள். டீவியோடு வயரால் இணைக்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதன் தலையில் குத்தி ஏற்றும் கெசட்டுகள். சிலது புறக்கோட்டையில் வாங்கியது, சிலது கூட்டாளிகளோடு மாற்றியது. ஒரு கேம் கொஞ்சம் கடினமானதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவாராம். ஒன்றையுமே கடைசிவரை விளையாடி முடித்ததில்லை. படிப்பிலும் அதே கதைதான் என்று அம்மா சொல்வார்.

முப்பத்திரண்டு வயதில் கலியாணம் சரிவந்தபோது மாமாவுக்கு எங்கிருந்தோ ஒரு வைராக்கியம் பிறந்தது. கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தெடுத்து, தூசு தட்டி, கெசட்டுகளை வரிசையாக அடுக்கினார். "ஒண்டையும் அரைகுறையா விட்டிட்டு இன்னொரு வீட்டுக்குப் போகமாட்டன்" என்றார். கலியாணத்துக்குப் பிறகு அவர் வெள்ளவத்தையில் பெண் வீட்டாரோடு இருப்பதாக ஏற்பாடு.

என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் அப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதில் மனிதர் மனிதராகவே ஓடினார்கள். மாமாவின் கேம்களில் மனிதர் என்றால் ஏழெட்டுச் சதுரங்கள், அதற்கு மேல் ஒரு தொப்பி. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வயதில் நான் மாமாவின் முழுப் பக்தை.

அவர் ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டு ஒன்றில் வேலை செய்தார். லொறியில் வரும் கொள்கலனின் இலக்கத்தைக் கையிலுள்ள தாளோடு ஒப்பிட்டு, சரியென்றால் உள்ளே விடுவதும் வெளியே விடுவதும்தான் வேலை. அந்த ஒழுங்கை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தார். முதல் வந்த கெசட் முதல். இடையில் பாய்வதில்லை. கூட்டாளி சொல்லித் தரும் குறுக்குவழி கிடையாது. கடைசிக் காட்சியைத் தன் கண்ணால் கண்ட பிறகே அடிமட்டம் வைத்து அந்தப் பெயரின்மேல் சிவப்புக் கோடு கீறுவார். ஒருமுறை ஒரு கேமின் முடிவு வரும் நேரம் பார்த்து டீவியின் படம் குழம்பிவிட்டது. வென்றது நிச்சயம், எல்லாரும் பார்த்தோம். மாமா கோடு கீறவில்லை. "நான் முடிவைக் காணேல்லையே பிள்ளை" என்று சொல்லி, முதலிலிருந்து மூன்று நாள் திரும்ப விளையாடினார். நேர்மை என்றால் என்னவென்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன். சிஸ்டருக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை.

வரப்போகும் மாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பனோடு வீட்டுக்கு வந்தார். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் கண்டதும் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. மாமி அதை மேலிருந்து கீழ்வரை நின்று வாசித்தார். பிறகு மாமாவிடம், "எல்லாத்தின்ரை முடிவும் எனக்குச் சொல்லுவியளோ?" என்று கேட்டார்.

"கலியாணத்தண்டைக்கு இருபத்திரண்டும் சொல்லுவன்" என்றார் மாமா.

அவர்கள் போனபின் அம்மா, "இனம் இனத்தோடதான் சேரும்" என்று பெருமூச்சு விட்டார். கேலியா ஆறுதலா என்று சொல்ல முடியாத பெருமூச்சு அது.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் தொடங்கியபோது இருபது கெசட் முடிந்திருந்தது. நாற்பது நாளைக்கு இந்தச் சனியனை நிறுத்து, ஏதாவது ஒறுத்தல் செய் என்றார் அம்மா. மாமா கேமுக்குப் பதிலாகச் சிகரெட்டை நிறுத்தினார். அம்மாவுக்கு இது கடவுளோடு பேரம் பேசுவதாகத்தான் பட்டது. ஆனால் நிற்பது சிகரெட் அல்லவா, வாயை மூடிக்கொண்டார்.

பெரிய வாரம் நெருங்கும்போதுதான் கடைசிக் கெசட்டுக்கு வந்தார். அதில் ஒரு சுழியோடி கடலுக்குள் இறங்குவான். நாற்பது ஆழங்கள். ஒவ்வொரு ஆழத்திலும் சுறாவும் நீரோட்டமும் மூச்சுக் குறைவும். அந்தக் கேமில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி இல்லை. பெட்டியை அணைத்தால் சுழியோடி மறுபடி கரையில் நிற்பான். தினமும் ஒன்றிரண்டு மணிநேரம் மட்டும் கிடைக்கும் மனிதர் என்ன செய்வார்? ஆட்டத்தை இடையில் நிறுத்தி, டீவியை மட்டும் அணைத்து, பெட்டியை அப்படியே எரியவிட்டு வேலைக்குப் போவார். பெட்டி சூடாகாமலிருக்கப் பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி. தூசு விழாமலிருக்க மேலே வெள்ளைக் கைலேஞ்சி. சுவிட்சுக்குப் பக்கத்தில், தயவுசெய்து அணைக்கவேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவித்தல். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனால் யார்டில் அறிவித்தல் என்றால் மூன்று மொழியில்தான்.

இப்படிப் பத்து நாள் அந்தப் பெட்டி அணையாமல் இருந்தது. பின்னேரங்களில் இடி இடித்தால் அம்மா வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வருவார். மாமா முன்னறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். "அக்கா, இருபத்தாறாவது ஆழம் அக்கா" என்று அவர் கெஞ்சியது எனக்கு இன்னும் கேட்கிறது. நான் அவருக்கு முன்னால் அதேபோலக் கையை விரித்துக்கொண்டு நிற்பேன்.

பெரிய வாரத்துப் புதன்கிழமை முப்பத்தொன்பது ஆழம் முடிந்தது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வரும் சனிக்கிழமை கலியாணம். திங்கட்கிழமையிலிருந்து மன்னாரிலும் சிலாபத்திலும் இருந்து சொந்தக்காரர் வந்து இறங்கிவிடுவார்கள், முன்னறையில் பாய் விரிக்கவும் இடமிருக்காது. வியாழன் வேலையும் கோயிலும், வெள்ளி டீவியே போடக்கூடாது. ஆகவே சனிக்கிழமை காலை ஒன்றுதான் மாமாவுக்கு மிச்சம். "ஒரு ஆழம்தானே, போதும்" என்றார்.

பெரிய வியாழன் பின்னேரப் பூசையில் பாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். மாமா மூன்றாவது ஆள். யார்டிலிருந்து நேரே வந்து, சப்பாத்தைக் கழற்றி, கூச்சத்தில் கால்விரல்களை மடக்கிக்கொண்டு இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூசை முடிவில் நற்கருணையை எடுத்துப்போய், அது இருந்த பேழையைத் திறந்தபடி விட்டு, அதன் முன்னால் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கையும் அணைத்தார்கள். ஆண்டவர் கல்லறையில் இருக்கும்போது விளக்கு எரியக்கூடாது என்று சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார். அந்த வருடம்தான் நான் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மை. சிஸ்டரின் சொல் எனக்கு வேதவாக்கு.

மறுநாள் பெரிய வெள்ளி. வீட்டில் வானொலி இல்லை, சத்தமில்லை. டீவியின்மேல் அம்மா ஒரு போர்வையைப் போட்டிருந்தார். எல்லாரும் கோயிலுக்கு உடுத்திக்கொண்டிருந்த நேரம் நான் முன்னறைக்குள் போனேன். கைலேஞ்சிக்கு அடியில் பெட்டியின் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

பகீரென்றது. ஊரிலுள்ள கோயில் விளக்கெல்லாம் அணைந்திருக்க, மாமாவின் அறையில் மட்டும் ஒரு விளக்கு! அதுவும் கலியாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது. மாமாவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தேன். கோயில் விளக்கைப் பற்றி மட்டும்தான் சிஸ்டர் சொன்னார். சட்டத்தை எங்கள் வீடுவரைக்கும் நீட்டியது நான். அறிவித்தலை மூன்று மொழியிலும் வாசித்தேன். மாமா பெரியவர்தான், ஆனால் ஆண்டவர் மாமாவிலும் பெரியவர் என்று முடிவுசெய்து சுவிட்சை அமத்தினேன். பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மாமாவைக் காப்பாற்றிய நிம்மதியோடு கோயிலுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை மாமா குளித்து, தலையை வாரிக்கொண்டு வந்து பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கைலேஞ்சியை எடுத்தார். டீவியைப் போட்டார். திரை வெறும் நீலமாக இருந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடில்லை. சுவிட்சைப் பார்த்தார். பிறகு அதைப் போட்டார். சுழியோடி கரையில் நின்றான்.

"அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டார். சத்தம் பெரிதாக இல்லை. அம்மா அகப்பையோடு ஓடிவந்து, தான் தொடவேயில்லை என்று அந்தோனியார்மேல் சத்தியம் செய்தார். இனி ஒளிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"நான்தான் மாமா. பெரிய வெள்ளியிலை சிவப்பு லைட் எரியக்கூடாது. சிஸ்டர் சொன்னவ" என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவின் கை அகப்பையோடு உயர்ந்தது.

மாமா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு சிரித்தார். "விடு அக்கா. அது நான் எப்பவோ முடிச்சிட்டன். வியாழக்கிழமை பின்னேரம், நீங்கள் கோயிலுக்குப் போன நேரம். சும்மாதான் எரிஞ்சுகொண்டிருந்தது."

அம்மாவின் கை இறங்கியது. அவர் மாமாவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். நானோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப முடிவு என்ன?" என்று கேட்டேன்.

மாமா கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னை மடியில் இருத்திச் சொன்னார். நாற்பதாவது ஆழத்தின் அடியில் ஒரு பழைய கப்பல் கிடக்கும். சுழியோடி அதன் கதவைத் தள்ளுவான். உள்ளே தண்ணீர் போகாத ஓர் அறை. அதில் ஏழு மாலுமிகள் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று இருப்பார்கள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேலே கொண்டுவருவான். கரையில் ஒரு நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும்.

"யாற்றை நாய்?"

"ஏழு பேரின்ரையும்தான்."

எழுந்துபோய்ப் பட்டியலில் கடைசிப் பெயரின்மேல் கோடு கீறினார். அன்றைக்கு அடிமட்டம் வைக்கவில்லை. கோடு கொஞ்சம் வளைந்துபோனது.

எனக்கு அந்த நாயை மிகவும் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். கலியாண மண்டபத்தில் மாமா விரல்விட்டு எண்ணியபடி மாமியின் காதுக்குள் கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, இருபத்திரண்டு முடிவையும் சொல்கிறார் என்று பெருமைப்பட்டேன். வியாழக்கிழமை பின்னேரம் மாமாவின் கால் பாதரின் பாத்திரத்துக்குள் இருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. மாமா பொய் சொல்வார் என்று நினைக்க இடமே இருக்கவில்லை.

இப்போது எனக்கும் வேலை, சம்பளம், வாங்கிக் குவித்துவிட்டுத் திறந்தும் பாராத கேம்கள் என்று எல்லாம் இருக்கின்றன. போன வருடம் நானும் ஒரு பட்டியல் போட்டேன். முதல் வந்தது முதல், இடையில் பாய்வதில்லை. அதன் கடைசியில் சுழியோடியையும் சேர்த்துக்கொண்டேன். மடிக்கணினியில் இப்போது அதை எந்த இடத்திலும் சேமிக்கலாம். மாமாவின் மரியாதைக்காக அந்த வசதியைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். பன்னிரண்டாவது ஆழத்தில் சபதம் முறிந்தது. மாமா பத்து நாள் என்ன பாடுபட்டிருப்பார் என்று அப்போதுதான் விளங்கியது.

ஒரு ஞாயிறு மத்தியானம் நாற்பதாவது ஆழமும் முடிந்தது. திரை கறுத்தது. எழுத்துப் பிழையோடு ஆங்கிலத்தில் ஒரு வரி பாராட்டு வந்தது. பிறகு சுழியோடி மறுபடி முதலாவது ஆழத்தில் நின்றான். கப்பல் இல்லை. மாலுமிகள் இல்லை. பிறகு வெள்ளவத்தைக்கு போன் எடுத்தேன். மாமிதான் எடுத்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்குக் கலியாணத்தண்டே தெரியும்" என்றார் மாமி. "இருபத்தொண்டைச் சொல்லிப்போட்டு, கடைசி தெரியாது, ஆனா பிள்ளைக்கு ஒண்டு சொல்லிப்போட்டன் எண்டவர்."

"அதுக்குப் பிறகாவது முடிச்சிருக்கலாமே மாமி?"

"நானும் எத்தினை தரம் சொன்னனான். மாட்டனெண்டிட்டார். போய்ப் பாத்தால் வேறை முடிவா இருந்திடுமாம். பாக்காதவரைக்கும் பிள்ளைக்குச் சொன்னது பொய்யில்லையாம்."

முடிவைக் காணாமல் கோடு கீறாத மனிதர், எனக்காக ஒரு கோட்டைக் கீறிவிட்டு, அந்த முடிவைக் காண்பதையே வாழ்நாளுக்கும் விட்டுவிட்டார். எட்டு வயதில் நான் மாமாவை மெச்சியது இருபத்திரண்டையும் முடித்தார் என்பதற்காக. ஒன்றை முடிக்காமல் விட்டதற்காக மெச்சியிருக்கவேண்டும் என்பது அந்த வயதுக்கு எட்டவில்லை.

"அதுசரி, நீ ஏன் இப்ப இதைக் கேக்கிறாய்? நீ முடிச்சிட்டியோ?" என்றார் மாமி. அந்தப் பக்கம் டீவியின் சத்தம் குறைவது கேட்டது. யாரோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"ஓம் மாமி, இப்பதான் முடிச்சனான்."

"என்னவாம் முடிவு?"

"மாமா சொன்னதுதான். கப்பல், ஏழு பேர், எல்லாம் அப்படியே."

மாமி அதைப் பக்கத்தில் இருந்தவருக்கு அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு மாமாவின் குரல், நம்ப முடியாமல், மெதுவாகக் கேட்டது.

"நாயுமோ?"

"ஓம் மாமா," என்றேன். "நாயும் நிக்குது."