முருகனுக்கும் மாமன்மாருக்கும் இடம்

மயிலாப்பூர் மாடவீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய சூடாமணி, தொண்ணூற்றைந்தாம் வருஷம் துணிந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்க ஆரம்பித்தாள். வந்து சேர்ந்ததோ சரியான சண்டி மாடு. கொஞ்சம் பாரம் ஏற்றினால் படுத்துவிடும்.

தி.நகர் நகைக்கடை சண்முகசுந்தரத்தின் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகையின் உச்சியில் வள்ளி தெய்வானையோடு முருகன் வேண்டும். கீழே திருநெல்வேலிச் சொந்தம் ஒருவர் விடாமல் வேண்டும். முருகனை ஏற்றினால் மாமன்மாருக்கு இடமில்லை. இரண்டு தரப்பையும் ஏற்றினால் திரை அப்படியே நின்றுவிடும்.

"யம்மா, ஒரு பேரு விட்டாலும் எங்க ஆளுக பந்தியில உக்கார மாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா சொல்லிருங்க, வேற எடம் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் சண்முகசுந்தரம்.

சூடாமணியின் கணவர் ஸ்ரீரங்கன் இதற்கென்றே காத்திருந்தவர்போல, "இந்த ஆர்டரும் போச்சுன்னா மிஷினை வித்துடலாம்" என்றார்.

விற்பதாவது! சூடாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெமரி போதவில்லை என்று தெரிந்து, ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'ராம்' என்கிற புது மெமரிப் பட்டை ஒன்றை வாங்கி எப்போதோ வைத்தாகிவிட்டது. மாட்ட வேண்டிய சர்வீஸ்காரர்தான் "இதோ வரேன்" என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவரை அவளே எடுத்தாள்.

"ஏண்டி, கையை வெச்சுத் தொலைக்காதே!"

"நீங்க செத்த அந்தண்டை போங்கோ."

பெட்டியைத் திறந்து, பழைய ராம் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் புதியதைச் செருகி, ஸ்விட்சைப் போட்டாள். திரை இருட்டு. பீப் பீப் என்று ஒரே அலறல்.

"நான் சொன்னேனோல்லியோ?"

அவள் ஸ்விட்சை அணைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். ராமின் ஒரு முனை சற்றே தூக்கிக்கொண்டிருந்தது. நிமிர்த்தி அழுத்தினாள். டக்கென்று இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது.

மறுபடி ஸ்விட்ச். திரையில் மெமரிக் கணக்கு ஏறத் தொடங்கியது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி ஏறி, இரண்டு மடங்கில் போய்த்தான் நின்றது. சூடாமணி குழந்தைபோலக் கைதட்டினாள். ஸ்ரீரங்கன் காபி போட உள்ளே போனார்.

சாயங்காலம் சண்முகசுந்தரம் பத்திரிகையை விரல் வைத்துப் படித்தார். மேலே முருகன், கீழே மாமன்மார் அத்தனை பேரும். படித்து முடித்துத் தலையைச் சொறிந்தார்.

"யம்மா, கோவப்படாதீங்க. மச்சான் வகையில இன்னும் பத்துப் பேரு இருக்காங்க..."

சூடாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"பத்தென்ன, ஊரையே சொல்லுங்கோ!"