கிரிப்டோவும் ஒரு கட்டி சூடமும்

இன்று மலேசியாவில், லூபோக் சீனா ஊரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் ரவி, மருமகள் கலா, கிரிப்டோ வாங்கச் சொல்லி வந்த அவள் தம்பி குணா.

ரவிக்கு ஆசை வந்துவிட்டது. "கலா, வளையலைக் கழட்டு. வித்து அதுல போட்டுடலாம்லா."

கலா பதறவில்லை. தம்பி முன்னால் சூடம் ஏற்றினாள். "போட்ட காசு முழுகாதுன்னு இதைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணு. இப்பவே தரேன்."

குணா கையை இழுத்துக்கொண்டான். "அது ஏறும், இறங்கும்கா. சத்தியமெல்லாம் முடியாது."

வளையல் தப்பியது. என்ன அறிவு என் மருமகளுக்கு! பொய்ச் சத்தியம் பண்ணாத குணாவுக்கும் சோறு போட்டுத்தான் அனுப்பினேன்.

என் இளவயதில், எஸ்டேட் கோயிலில் நிலப் பங்கு விற்க வந்தவன் கை நடுங்காமல் சூடம் அணைத்து, என் சங்கிலியைக் கொண்டுபோனான். யாராவது பார்த்தால் சொல்லுங்கள். அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவன் பேர் கங்காணி வீட்டு முனியாண்டி.