மச்சான் என்று கூப்பிட்டேன், பதில் வரவில்லை

அந்த மலையைக் கடந்தவர்கள் மூன்று பேர்: நான், என் அக்காளின் கணவர், லேடாங் மலையடிவாரத்துப் பூர்வகுடிக்காரர் ஒருவர். அவர்தான் வழிகாட்டி. அப்பா எங்களோடு இல்லை. அவரை அதற்கு முன்பே சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்காள் கைக்குழந்தையோடு மலாக்காவில், காஜா பெராங் பகுதியிலிருந்த எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

ஜப்பான்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. சயாமுக்கு அடுத்துப் பிடிக்கப்போகும் ஆட்களில் மச்சானும் ஒருவர் என்று தகவல் வந்தது. ஜொகூர்ப் பக்கம் காட்டைத் திருத்தி மரவள்ளி போட்டிருந்த சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் சாலை முழுக்கச் சோதனை. மலை முகடுகளின் மேலாகவே மூன்று நாள் நடந்து அந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவாயிற்று. துணைக்கு நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் எதற்கும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். மலையேறப் பள்ளியில் சொல்லித்தரவில்லை என்றால் யார் கேட்கிறார்கள்!

காட்டுக்குள் நுழையுமுன் வழிகாட்டி மலாயில் கண்டிப்பாக ஒன்று சொன்னார். மலைமேல் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் முகத்தைப் பார்க்காமல் பதில் கொடுக்கக் கூடாது. மலையே தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம்.

"நல்லதாப் போச்சுடா மாப்ள," என்றார் மச்சான். "ஜப்பான்காரன் கூப்பிட்டாலும் இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இரண்டாம் நாள், ஓர் உச்சியைத் தாண்டி அடுத்த உச்சிக்குப் போகும் ஒடுக்கமான முகட்டில் நடந்துகொண்டிருந்தோம். கடைசியாக வந்த மச்சான், காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கக் குனிந்தார். நாங்கள் நாலு எட்டு வைப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை.

நான் வாயைத் திறந்ததும் வழிகாட்டி என் தோளை இறுக்கிப் பிடித்தார். "பெயர் வேண்டாம்!" அக்காள் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே எங்களிடம் இல்லை, முறை சொல்லித்தான் கூப்பிடுவோம் என்று விளக்கினேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"மச்சான்! மச்சான்!"

பதிலே இல்லை. அக்காள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

கடைசியில் இடப்பக்கமிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. "நேத்திலேர்ந்து நீ மச்சான் மச்சான்னு சொன்னத மலையும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு? நீதான்னு எப்படி நம்புறது? உங்கக்கா எனக்கு மொதமொதல்ல என்ன ஆக்கிப் போட்டா, சொல்லு!"

"மீன் குழம்பு! அடிப்பிடிச்ச மீன் குழம்பு! நல்லாருக்குன்னு பொய் சொல்லி ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க!"

"சரி, நீதான்! வர்றேன் இரு."

"அசையாமல் நிற்கச் சொல்!" என்றார் வழிகாட்டி. நான் அதையே தமிழில் அலறினேன். மச்சானை விடாமல் பேசச் சொல்லிவிட்டு, தடியால் தரையைத் தட்டித் தட்டி அவர் பனிக்குள் போனார். வெகுநேரம் கழித்து, சுற்று வழியில், மச்சானைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

பனி விலகிய பிறகுதான் பார்த்தோம். மச்சான் வழி தவறிப் பக்கத்துப் பாறை நீட்டல் ஒன்றில் போய் நின்றிருக்கிறார். அதற்கும் நான் நின்ற இடத்துக்கும் நடுவே கிடுகிடு பள்ளம். அடியில் மரங்கள் கீரைப் பாத்திபோலத் தெரிந்தன. என் குரல் கேட்டதும் நேரே நடந்திருந்தால் அவ்வளவுதான்.

மச்சான் தொப்பென்று உட்கார்ந்தார். "ஒன்ன நம்பியிருந்தா செத்துருப்பேன்டா!" என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். வழிகாட்டி எங்களை விநோதமாகப் பார்த்தார்.

மறுநாள் சித்தப்பாவின் குடிசையில் அவித்த மரவள்ளியைத் தின்றுவிட்டு மச்சான் குறட்டை விட்டார். அந்தச் சத்தத்தை ரசித்துக் கேட்டது அன்று ஒரு நாள்தான். ஜப்பான்காரர்கள் போகும்வரை அங்கேயே இருந்து, பிறகு வீடு திரும்பினார்.

இப்போதும் நான் கூப்பிட்டதும் அடுத்த அறையிலிருந்து "என்னடா?" என்று அவர் கேட்டால் எனக்குள் ஏதோ ஒன்று இறங்கி அமைதியாகிறது. அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் வழிகாட்டியிடம் கொடுத்தது ஒரு காத்தி எடை உப்பும், அவர் மனைவிக்கென்று அக்காளின் கல்யாணச் சேலையும்தான்.