அணு உலையில் என் மனைவி கேட்ட கேள்வி

திருப்பூரில் மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்கள் அவை. எங்கள் சிறிய பனியன் கம்பெனியின் நான்கு நிட்டிங் மெஷின்களும் பாதி நாள் சும்மா நின்றன. கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் கடலோரத்து அணுமின் நிலையத்தில் இன்ஜினியர். "கரண்ட் இல்லைன்னு புலம்பறயே, அது எப்படி உண்டாகுதுன்னு குடும்பத்தோட வந்து பாரு. பர்மிஷன் நான் வாங்கறேன்" என்றான். எட்டாவது படிக்கும் மகளுக்கும் பயன்படும் என்று கிளம்பினோம்.

வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கதிர்வீச்சை அளக்க, பேனா போன்ற ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளச் சொன்னார்கள். சுற்றிக்காட்ட வந்த இளம் பெண் அதிகாரி, அணு பிளந்து வரும் சூட்டில் தண்ணீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்றுவதை விளக்கினார்.

"இவ்வளவுதானாப்பா? தண்ணி காய வைக்கறதுக்கா இத்தனை காவல்?" என்று மகள் என் காதில் கேட்டாள். அதிகாரிக்கும் கேட்டுவிட்டது. "அதேதாம்மா" என்று சிரித்தார்.

அதுவரை வாய் திறக்காமல் வந்த என் மனைவி அப்போது கேட்டாள். "ஏனுங்க, இதுல கழிவு வருமுங்களா? அதெல்லாம் எங்கீங்க போகுது?"

"எரிஞ்ச யுரேனியத்தை வெளிய விடறதில்லைங்க. தண்ணித் தொட்டிக்குள்ள வச்சுக் காவல் காக்கறோம்."

"எத்தன வருசத்துக்குங்க?"

"நம்ம யாரும் இருக்கமாட்டோம். அதுக்கப்புறமும் பாத்துக்கணும்."

"பயமாத்தானுங்க இருக்குது. ஆனா எங்களுதுன்னு சொல்ல ஆளாவது இருக்கறீங்க. எங்கப்பா கெணத்துல சாயத்தண்ணி வந்தப்ப, அது யாருதுன்னு சொல்ல ஒருத்தரும் இல்லீங்க."

அவள் நொய்யல் ஆற்றங்கரையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவால் கிணறு கெட்டபின் அங்கே தென்னை காய்ப்பது நின்றுபோனது. அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் என் துணிக்குச் சாயம் போடும் பட்டறைக்குப் போனேன். "தண்ணி எங்கீங்கண்ணா விடறீங்க?" என்றேன். "என்னுங்க திடீர்னு? சுத்திகரிப்புக்குத்தான் போகுதுங்க" என்றார் முதலாளி. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுத்திகரிப்புக்குப் போகும் குழாய் இருந்தது. சாக்கு போட்டு மூடிய இன்னொரு குழாய் ஓடைப் பக்கம் போனது. சாக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்றே பட்டறையை மாற்றிவிட்டேன் என்று எழுத ஆசைதான். கையிலிருந்த ஆர்டரை அங்கேயே முடித்தேன். அடுத்ததையும் அங்கேயே கொடுத்தேன். ஓடையில் விடாத வேறு பட்டறைக்கு முழுதாக மாற எட்டு மாதம் ஆனது. மாறியதும் மனைவியிடம் சொன்னேன்.

"சரிங்க. எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். மாமனார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"அப்ப இத்தன நாளா உங்க துணியும் அங்கதான் போச்சுங்களா மாப்ளே?" என்று கேட்டார்.

"ஆமாங்க மாமா" என்றேன்.