கேள்வி சிஸ்டரின் மூன்றாவது கேள்வி

கேள்வி சிஸ்டர் வார்டுக்குள் வந்தால் காய்ச்சல்கூட எழுந்து நின்று வழிவிடும். பெரிய உருவம் என்று நினைத்துவிட வேண்டாம். குளுகோஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றால் எது ஸ்டாண்டு என்று தேட வேண்டும்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் நோயாளியிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: பெயர் என்ன, எந்த இடத்தில், என்ன செய்யப் போகிறார்கள். மற்ற நர்சுகள் தள்ளிக்கொண்டே கேட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். இவளோ ஸ்டிரெச்சரின் பிரேக்கை மிதித்துவிட்டு, கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பாள். பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

அன்று காலை டெய்லர் தாத்தாவின் முறை. சர்க்கரைப் புண், இடது பாதம். மூன்று நாளாக அவளுடைய யூனிஃபார்ம் தையலைக் கிண்டலடித்தே வலியை மறந்தவர். வார்டு வாசலில் அவருடைய மகன் அவளை மறித்தான். அப்பாவின் புண்ணைத் தினமும் தன் கையால் கழுவியவன், கெட்டவனில்லை.

“அக்கா, விரலை எடுக்கப்போறாங்கன்னு அப்பாவுக்குத் தெரியாது. அப்பாகிட்ட சொல்லியாச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். மூணாவது கேள்விய மட்டும் விட்டுடுங்க.”

தாத்தா கண்ணாடி போடாமலே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். தள்ளிப்போட்டால் விஷம் ஏறும்; சொன்னால் மனிதர் மறுத்துவிடலாம். ஆனாலும் பிரேக்கை மிதித்தாள். மூன்றாவது கேள்வியையும் கேட்டாள்.

“புண்ணச் சுத்தம் பண்றாங்களாம். ஏம்மா, உனக்கே சொல்லலையா?”

அவள் பிரேக்கை எடுக்கவில்லை. டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை குறித்த நாளுக்கு முன்பே பிறந்துவிட்டது. கையெழுத்துதான் இருக்கிறதே என்றார்.

“கையெழுத்து இருக்கு டாக்டர். விஷயம் அவருக்குத் தெரியல.”

டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தாத்தா கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்தார்.

“எந்த விரல்?”

கடைசி இரண்டும் என்றார் டாக்டர்.

“பெருவிரல் இருந்தா மெஷின் மிதிச்சுக்குவேன். எடுத்துக்குங்க.” பிறகு மகனிடம், “ஏன்டா, அம்பது வருஷமா கத்தரி பிடிக்கிறவன். வெட்டுன்னா பயந்துடுவேன்னு நெனச்சியா?”

மகன் அழுதான். தாத்தா அவன் தலையில் கைவைத்தபடியே சொன்னார்: “பிரேக்க எடும்மா.”

தாமதத்துக்காக அவளுக்கு மெமோ வந்தது. இரண்டு மாதம் கழித்துத் தாத்தா தைத்துக் கொடுத்த புது யூனிஃபார்மின் பைக்குள் அந்த மெமோ மடிந்து கிடக்கிறது. பை தாராளமானது; அந்த டாக்டரையும் ஸ்டூலோடு உள்ளே போட்டுக்கொள்ளலாம்.